கேரவனில் பாலைவனம்: போக இருப்பவர்களுக்கு

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

லிஃப்ட் பராமரிப்புக் கணக்குக்கும் சிற்றுண்டிக்கும் நடுவில் எனக்கு அரை மணி நேரம் கொடுத்திருக்கிறார்கள். பஜ்ஜி ஆறிவிடும் என்று செயலாளர் கண்ணைக் காட்டுகிறார். அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

போன ஜூலையில் நானும் என் மனைவியும் ஆஸ்திரேலியாவில் அடிலெய்டில் இருக்கிற மகள் வீட்டுக்குப் போயிருந்தோம். அங்கிருந்து மகள், மருமகன், பேத்தி, நாங்கள் இருவர் என்று ஐந்து பேர் கேரவன் கட்டிக்கொண்டு பாலைவனத்தின் நடுவில் இருக்கிற உலுரு பாறை வரைக்கும் போய் வந்தோம். போக ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர், வர அதே அளவு. படங்களைக் குழுவில் போட்டதும் எல்லோரும் ‘சூப்பர்’ என்று எழுதினீர்கள். படத்தில் வராத விஷயங்களைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன். நம் அடுக்ககத்தில் இரண்டு குடும்பத்தின் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். அதில் ஒரு குடும்பம் இந்த டிசம்பரில் இதே வழியில் போகத் திட்டம் போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அவர்களோடு 78 வயது அம்மாவும் போகிறார்கள். அது தெரிந்ததும் நானே செயலாளரிடம் போய், பேச நேரம் கொடுங்கள் என்று கேட்டேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். நம் ஊரில் கேரவன் என்றால் ஷூட்டிங் நடக்கிற இடத்தில் நடிகர்கள் உள்ளே உட்கார்ந்து ஏ.சி. வாங்குகிற வண்டி. அங்கே கேரவன் என்பது எஞ்சின் இல்லாத ஒரு சின்ன வீடு. காருக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுத்துக்கொண்டு போக வேண்டும். கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், சிங்க், கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும். எஞ்சினோடு சேர்ந்தே வருவது வேறு வகை, அதற்குக் கேம்பர்வேன், மோட்டார் ஹோம் என்று பெயர். வயதானவர்கள் போவதாக இருந்தால் எது நல்லது என்று கேட்டால், ஓட்டுகிறவருக்கு இழுத்துப் பழக்கம் இல்லாத பட்சத்தில் இரண்டாவது வகைதான் என்பேன். நாங்கள் முதல் வகையில் போனோம்.

நான் 31 வருடம் அரசுப் பேருந்து டெப்போவில் மெக்கானிக்காக இருந்தவன். ஆனாலும் அங்கே ஸ்டியரிங்கைத் தொடவில்லை. நம் லைசன்ஸ் ஆங்கிலத்தில் இருந்தால் சுற்றுலாப் பயணியாகக் கார் ஓட்டலாம், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச அனுமதியும் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் இரண்டு டன்னைப் பின்னால் கட்டிக்கொண்டு 110 கிலோமீட்டர் வேகச் சாலையில் போவது வேறு தொழில். வாடகை வண்டியின் காப்பீட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் ஓட்ட வேண்டும். என் வேலை டயர், பாரம், தண்ணீர்.

பாரத்தைப் பற்றிச் சொல்கிறேன். வைக்கோல் ஏற்றிய டிராக்டர் டிரெய்லரை நம் சாலைகளில் பார்த்திருப்பீர்கள். பின்பக்கம் கனம் கூடினால் வால் ஆடும். கேரவனும் அப்படித்தான். மகள் அரிசி மூட்டை, கிரைண்டர், குடிதண்ணீர் கேன் எல்லாவற்றையும் பின்பக்க அலமாரியில் அடுக்கி வைத்திருந்தாள். நான் முழுவதையும் இறக்கச் சொன்னேன். கனமான சாமான்கள் தரையோடு தரையாக, சக்கரத்துக்கு நேர்மேலே அல்லது கொஞ்சம் முன்னால் இருக்க வேண்டும். கேரவனின் மொத்த எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு கொக்கியின் மேல் அமர வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அதற்குக் குறைந்தால் வண்டி பாம்பு மாதிரி நெளியும். அப்படி நெளிய ஆரம்பித்தால் காரின் பிரேக்கை ஓங்கி மிதிக்கக் கூடாது. ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டு, ஓட்டுநர் கைக்கு எட்டும் இடத்தில் உள்ள கேரவன் பிரேக்கை மட்டும் கையால் கொடுக்க வேண்டும். இது பின்னால் எங்களுக்கு உதவியது.

டயரை வெளிப்பக்கம் மட்டும் பார்த்துத் திருப்திப்பட்டுவிடாதீர்கள். பக்கவாட்டில் நான்கு எண்கள் சேர்ந்து இருக்கும். 2319 என்று இருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். கேரவன் டயர்கள் அதிகம் ஓடாமல் வெயிலில் நின்றே கெட்டுப்போகும். பூ தேயாது, ரப்பர் வெடித்திருக்கும். நாங்கள் எடுத்த கேரவனின் ஸ்டெப்னியில் பாதிக் காற்றுதான் இருந்தது. வாடகைக்குக் கொடுத்தவர் “எல்லாம் செக் பண்ணியாச்சு” என்று தாளில் டிக் அடித்துக் கொடுத்துவிட்டார். அந்தத் தாளை நம்பிப் புறப்பட்டிருந்தால் இந்தப் பேச்சு வேறு மாதிரி இருந்திருக்கும். காற்றுச் சரிபார்த்தேன். ஆனால் 31 வருட மெக்கானிக் ஒன்றை மறந்துவிட்டேன். காருக்கு ஜாக்கி இருந்தது. அது கேரவனுக்குப் பொருந்துமா என்று பார்க்கவில்லை.

வழியைச் சொல்லிவிடுகிறேன். அடிலெய்டிலிருந்து போர்ட் அகஸ்டா 310 கிலோமீட்டர். அதுவரை ஊர்கள் உண்டு, கடைகள் உண்டு. அங்கிருந்து ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை வடக்கே பிரிகிறது. 1862-இல் இந்தக் கண்டத்தைத் தெற்கிலிருந்து வடக்கே கடந்து திரும்பிய ஜான் மெக்டூவல் ஸ்டூவர்ட்டின் பெயர். இதே சாலை டார்வின் வரைக்கும் 2,700 கிலோமீட்டர் போகிறது. தெற்கு ஆஸ்திரேலியப் பகுதியில் முழுவதும் தார் போட்டு முடித்ததே 1987-இல்தான். போர்ட் அகஸ்டாவிலிருந்து அடுத்த ஊர் என்று சொல்லத்தக்க கூபர் பீடி 540 கிலோமீட்டர். நம் சங்கரன்கோவிலிலிருந்து சென்னை ஏறக்குறைய 600. அவ்வளவு தூரத்துக்கு நடுவில் விருதுநகர், மதுரை, திருச்சி எதுவுமே இல்லை, ஓரிரண்டு பெட்ரோல் பங்குகள் மட்டும் என்று நினைத்துப் பாருங்கள். கிளென்டாம்போவைத் தாண்டினால் கூபர் பீடி வரை சுமார் 250 கிலோமீட்டருக்கு பெட்ரோல் கிடையாது. தனியாக ஓடும்போது நூறு கிலோமீட்டருக்குப் பதினோரு லிட்டர் குடித்த கார், கேரவனை இழுக்கும்போது பதினேழு குடித்தது. எதிர்காற்று அடித்த அன்று அதற்கும் மேல். பங்கைப் பார்த்தால் டேங்க் பாதி இருந்தாலும் நிரப்ப வேண்டும். ராத்திரி மூடிவிடுவார்கள், அடுத்தது எப்போது வரும், திறந்திருக்குமா என்பதையெல்லாம் முந்தின நாளே போன் போட்டுக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

போன் என்றதும் ஞாபகம் வருகிறது. ஊரைத் தாண்டி இருபது கிலோமீட்டர் போனால் சிக்னல் போய்விடும். அவசர எண் 000. ஆனால் எந்த கம்பெனி டவரும் இல்லாத இடத்தில் அந்த எண்ணும் வேலை செய்யாது. அதனால் இரண்டு பொருள்கள் அவசியம். ஒன்று, யு.எச்.எஃப். ரேடியோ. நெடுஞ்சாலை லாரிக்காரர்கள் சேனல் 40-இல் பேசிக்கொள்வார்கள். மற்றது பி.எல்.பி. என்கிற சின்னக் கருவி. உயிருக்கு ஆபத்து என்றால் பொத்தானை அழுத்த வேண்டும். செயற்கைக்கோள் வழியாக மீட்பு மையத்துக்கு நம் இடம் தெரிந்துவிடும். இதை வாங்கவும் செய்யலாம், வாடகைக்கும் எடுக்கலாம். பேத்தியின் டேப்லெட்டுக்குக் கொடுக்கிற காசில் கால்வாசிதான் ஆகும் என்று மருமகனிடம் சொல்லி எடுக்க வைத்தேன்.

இரண்டாம் நாள் மதியம் ஒன்றரை மணி. கிளென்டாம்போவைத் தாண்டிவிட்டோம். இரண்டு பக்கமும் சிவப்பு மண், முழங்கால் உயரச் செடிகள். பார்த்ததும் எனக்குத் திருச்செந்தூர் போகும் வழியில் உள்ள தேரிக்காடு ஞாபகம்தான் வந்தது. ஆனால் தேரியில் பனை நிற்கும். இங்கே நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. “டப்” என்று ஒரு சத்தம், கேரவன் ஒரு பக்கம் இழுத்தது. இடது டயர் போயிற்று. மருமகன் நிதானமாக ஓரம் கட்டினார். இறங்கிப் பார்த்தால், கார் ஜாக்கி கேரவனின் அடிச்சட்டத்துக்கு எட்டவில்லை. கல்லை வைத்து உயர்த்தினால் மண்ணுக்குள் புதைகிறது. ஜாக்கிக்கு அடியில் போட ஒரு பலகைத் துண்டுகூட எங்களிடம் இல்லை.

எனக்கு அவமானமாகப் போய்விட்டது. தூரத்தில் ஒரு மேடு தெரிந்தது. ஒரு கிலோமீட்டர்தான் இருக்கும், அதில் ஏறினால் சிக்னல் கிடைக்கும், நான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். என் மனைவி காருக்குள் இருந்தே சத்தம் போட்டாள்: “எங்க போறீய? பேசாம வந்து உக்காருங்க.” மகள் அதற்கும் மேலே. “அப்பா, இங்க வண்டியை விட்டு நடந்தவங்கதான் செத்துருக்காங்க. வண்டி பக்கத்துல இருந்தவங்க பொழச்சிருக்காங்க” என்றாள்.

அவள் பயமுறுத்தச் சொன்னதில்லை. 1998 டிசம்பரில் அதே மாநிலத்தில் ஏர் ஏரிப் பக்கம் ஆஸ்திரிய நாட்டு ஜோடி ஒன்றின் வண்டி மணலில் சிக்கிக்கொண்டது. உதவி தேடி அந்தப் பெண் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் நடந்து வழியிலேயே இறந்துபோனார். வண்டியோடு இருந்தவர் உயிரோடு மீட்கப்பட்டார். காரணம் எளிது. வானத்திலிருந்து தேடுகிறவர்களுக்கு வண்டி தெரியும், மனிதன் தெரிய மாட்டான். வண்டியில் நிழல் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது. நடக்கிறவன் உடம்பில் உள்ள தண்ணீரையும் வியர்வையாக விட்டுக்கொண்டு போகிறான். நான் திரும்பி வந்து உட்கார்ந்தேன். வெறும் ஒரு கிலோமீட்டர் மேடு என்று நினைத்தது நாலு கிலோமீட்டராவது இருக்கும் என்று பிறகு மருமகன் சொன்னார். மரமோ கட்டடமோ இல்லாத இடத்தில் நம் கண்ணுக்குத் தூரம் பிடிபடாது.

ரேடியோவில் சொன்னோம். ஒன்றரை மணி நேரம் கழித்து ஒரு கேரவன் வந்து நின்றது. எழுபதைத் தாண்டிய ஒரு வெள்ளைக்காரத் தம்பதி. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் வீட்டைப் பூட்டிவிட்டு மாதக்கணக்கில் இப்படிச் சுற்றுகிறவர்களுக்கு அங்கே ‘கிரே நோமாட்ஸ்’ என்று பெயரே இருக்கிறது, நரைத்த நாடோடிகள். அந்தப் பெரியவர் சரியான ஜாக்கியும் ஒரு தேக்குப் பலகையும் எடுத்து வந்தார். டயரை மாற்றியது நான்தான், அதில் மட்டும் மானம் தப்பியது. மாற்றி முடிக்க மணி நாலேகால்.

இப்போது நான் செய்த பெரிய தப்பு. கூபர் பீடியில் இடம் பதிவு செய்து பணம் கட்டியிருந்தோம். இன்னும் 130 கிலோமீட்டர். மருமகன், “மாமா, அடுத்த ஓய்வுத் திடலிலேயே நிறுத்திடலாம்” என்றார். ஒன்றரை மணி நேர ஓட்டம்தானே, காசு வீணாகிவிடுமே, போய்விடலாம் என்று நான்தான் வற்புறுத்தினேன். மாமனார் சொன்னால் அவர் என்ன செய்வார்? ஜூலையில் அங்கே ஆறு மணிக்கு முன்பே இருட்டிவிடும். கங்காரு நடமாடுவது விடியலிலும் அந்தியிலும்தான். ஐந்தரை இருக்கும், ஆள் உயரத்தில் ஒன்று இடது பக்கமிருந்து பாய்ந்தது. மருமகன் வண்டியை ஒடிக்கவில்லை. வேகத்தைக் குறைத்தார், கேரவன் நெளிந்தது, கேரவன் பிரேக்கைக் கொடுத்தார், நேராயிற்று. கங்காரு பானெட்டுக்கு ஒரு முழம் முன்னால் கடந்து போனது. பத்து நிமிடம் யாரும் பேசவில்லை. பேத்தி மட்டும் “தாத்தா, இன்னொன்னு வருமா?” என்று கேட்டாள். அடுத்த ஓய்வுத் திடலில் நிறுத்தினோம். கட்டிய பணம் 50 டாலர் போயிற்று.

அதற்குப் பிறகு தினமும் நாலு மணிக்கு வண்டி நின்றாக வேண்டும் என்று ஏற்பாடு. எத்தனை கிலோமீட்டர் போவது என்று திட்டம் போடாதீர்கள், எத்தனை மணிக்கு நிற்பது என்று போடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் இறங்கிக் காலை நீட்ட வேண்டும். சாலை நூல் பிடித்த மாதிரி நேராக இருப்பதால் தூக்கம் சொக்கும். 53 மீட்டர் நீளம் வரை வருகிற ரோடு ட்ரெயின் லாரிகளை முந்துவதைப் பற்றி அவசரமே படாதீர்கள். நம் பேருந்து நாலரையைக் கோத்து ஓட்டுவது மாதிரி இருக்கும். பக்கத்தில் போகும்போது காற்றே வண்டியைத் தள்ளும். ஒதுங்கி நின்று டீ குடித்துவிட்டுப் போகலாம்.

அன்று ராத்திரி இன்னொன்று நடந்தது. என் மனைவிக்குச் சர்க்கரை, இன்சுலின் போடுகிறவள். பாலைவனம் என்றால் வெயில் என்றுதான் நினைப்போம். ஜூலையில் பகலில் 20 டிகிரி, ராத்திரியில் பூஜ்யத்தை நெருங்குகிற குளிர். காலையில் பார்த்தால் கேரவன் ஃபிரிட்ஜின் குளிர்தகட்டோடு ஒட்டி வைத்திருந்த இன்சுலின் பெட்டி உறைந்து போயிருந்தது. உறைந்த இன்சுலினை உருக்கிப் போடக் கூடாது, தூக்கி எறிய வேண்டியதுதான். நல்ல வேளையாக அவள் பாதியைத் தனியாகக் கைப்பையில் வைத்திருந்தாள். போடுவதற்குத் திறந்த பேனா 30 டிகிரிக்கு உட்பட்டால் சுமார் நான்கு வாரம் வெளியிலேயே இருக்கலாம் என்று நம் டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். உங்கள் மருந்துக்கு எப்படி என்று உங்கள் டாக்டரைக் கேளுங்கள். மருந்து எதுவானாலும் இரண்டு இடத்தில் பிரித்து வையுங்கள். டாக்டர் கடிதமும் மருந்துச் சீட்டும் ஆங்கிலத்தில் கையில் இருக்கட்டும். நம் நாட்டிலிருந்து போகிறவர்களுக்கு அந்த அரசின் மருத்துவத் திட்டம் பொருந்தாது. அதனால் பயணக் காப்பீட்டில் சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதி, ஆம்புலன்ஸும் அடங்குமா என்று பார்த்து எடுங்கள். அங்கே ‘பறக்கும் டாக்டர்’ சேவை 1928-லிருந்து நடக்கிறது. ஆனாலும் விமானம் வந்து சேரும் வரை நம்மைப் பார்த்துக்கொள்ள வேண்டியது நாம்தான்.

தண்ணீர். நம் அடுக்ககத்தில் லாரி வராத நாளில் குழுவில் நடக்கிற சண்டை எல்லோருக்கும் தெரியும். கேரவன் டேங்க் தண்ணீர் பாத்திரம் கழுவவும் குளிக்கவும்தான். குடிக்க ஆளுக்கு நாளைக்குப் பத்து லிட்டர் கணக்கில் தனியாக, இரண்டு மூன்று கேன்களாகப் பிரித்து எடுத்துப் போனோம். ஒரு கேன் உடைந்தாலும் மற்றது இருக்கும். மிச்சம் வந்தது; மிச்சம் வரத்தான் வேண்டும். கூபர் பீடியில் உப்பு நீக்கிய தண்ணீரைக் காசு போட்டுப் பிடிக்கிற குழாய் இருக்கிறது. அந்த ஊரில் வெயிலுக்குப் பயந்து பாதிப்பேர் குன்றைக் குடைந்து தரைக்கு அடியில்தான் குடியிருக்கிறார்கள். 1915-இல் பதினான்கு வயதுப் பையன் ஒருவன் ஓப்பல் கல்லைக் கண்டெடுத்ததிலிருந்து தோண்டுகிறார்கள்.

கழிப்பறையைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள், ஆனால் பெரியவர்கள் என்னிடம் தனியாகக் கேட்டது அதைத்தான். உள்ளேயே இருக்கிறது, மேற்கத்திய வகை, சின்னது. கீழே உள்ள பெட்டியை இரண்டு மூன்று நாளைக்கு ஒரு முறை அதற்கென்று உள்ள இடத்தில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். அந்த வேலையை யார் செய்வது என்று புறப்படும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். நான் செய்தேன்.

சாப்பாட்டுக்குப் பொடி, புளிக்காய்ச்சல், அப்பளம். விமான நிலையத்தில் கொண்டுபோகும் உணவு எல்லாவற்றையும் படிவத்தில் எழுதிக் காட்டிவிடுங்கள். காட்டினால் அதிகபட்சம் எடுத்துக்கொள்வார்கள், மறைத்தால் அபராதம். இட்லி மாவு அந்தக் குளிரில் பொங்கவே இல்லை. மூன்று நாள் தோசைதான். ஓடும்போது கேஸ் சிலிண்டரை மூடிவிட வேண்டும். குளிருக்காகக் கதவு ஜன்னலை அடைத்துக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்துத் தூங்கக் கூடாது, விஷவாயு ஆளைக் கொன்றுவிடும்.

உலுருவைப் பற்றி நிறையப் பேசலாம். 348 மீட்டர் உயரம், ஒரே பாறை. அந்த மண்ணின் மக்களான அனங்கு மக்களுக்கு அது கோயில் மாதிரி. 1985 அக்டோபர் 26 அன்று நிலத்தை அவர்களிடமே திருப்பிக் கொடுத்தார்கள். 2019-இல் அதே தேதியிலிருந்து மேலே ஏறுவது தடை. சில பக்கங்களைப் படம் எடுக்க வேண்டாம் என்று பலகை வைத்திருக்கிறார்கள். கோமதி அம்மன் சந்நிதியில் செல்போனை நீட்டினால் நமக்கு எப்படி இருக்கும்? நெடுஞ்சாலையை விட்டு அவர்களுடைய நிலத்துக்குள் போக அனுமதிச் சீட்டு வேண்டும். இன்னொரு சேதி எனக்குப் பிடித்தது. இந்தச் சாலைகள் வருவதற்கு முன் பாலைவனத்துக்குச் சாமான் சுமந்தவர்கள் ஒட்டகக்காரர்கள். 1860-இல் கராச்சியிலிருந்து ஒட்டகங்கள் கப்பலில் போயின. ‘ஆப்கானியர்’ என்று பொதுவாகச் சொன்னாலும் அவர்களில் பலர் அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவின் பலுசிஸ்தான், சிந்து, பஞ்சாப் பக்கத்து ஆட்கள். அடிலெய்டிலிருந்து டார்வினுக்கு ஓடும் ரயிலுக்கு இன்றும் ‘கான்’ என்றுதான் பெயர்.

கடைசியாக டிசம்பர் விஷயம். அங்கே டிசம்பர், ஜனவரி கோடை. 45 டிகிரியை எட்டுகிற நாட்கள் உண்டு. உலுரு பக்கத்தில் கட்டா ஜூட்டா பள்ளத்தாக்கில், 36 டிகிரி வரும் என்று முன்னறிவிப்பு இருந்தாலே காலை 11 மணிக்கு நடைபாதையின் பெரும்பகுதியை மூடிவிடுகிறார்கள். எங்களுக்கு டயர் போனது ஜூலையில். ஒன்றரை மணி நேரம் காருக்கு வெளியே பாய் விரித்து உட்கார்ந்து முறுக்கு சாப்பிட்டோம். டிசம்பரில் அதே இடம் என்றால் 78 வயது அம்மாவை எங்கே உட்கார வைப்பீர்கள்? பள்ளி விடுமுறை அப்போதுதான், டிக்கெட் போட்டாயிற்று என்கிறீர்கள். போங்கள், பேரப்பிள்ளைகளைப் பாருங்கள், அடிலெய்டு கடற்கரைக்குப் போங்கள். உலுருவைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் விமானத்தில் போய் இரண்டு நாள் தங்கி, காலையில் மட்டும் வெளியே வந்து பாருங்கள். கேரவனை மே முதல் ஆகஸ்ட் வரைக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் எழுதி வைத்த சாமான் பட்டியலை நகல் எடுத்து வாட்ச்மேன் அறையில் வைத்திருக்கிறேன். ஈ மொய்க்காமல் இருக்கத் தொப்பியின் மேல் போடுகிற வலை நான்கு, ஜாக்கிக்கு அடியில் வைக்க நான் பிறகு அறுத்துச் செய்த பலகை ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. பலகையை விமானத்தில் கொண்டுபோக வேண்டாம், அளவை மட்டும் எடுத்துக்கொண்டு அங்கே வாங்கிக்கொள்ளுங்கள். வலை வேண்டுகிறவர்கள் மாலை ஆறு மணிக்கு மேல் வரலாம். துவைத்துத் திருப்பித் தந்துவிட வேண்டும்.